வெண்மணிக் கல்லில் இருக்கிற 44 பெயர்கள்

வணக்கம் நேயர்களே. நினைவிடம் என்றதும் நம்மில் பலருக்கு மெரினா கடற்கரைதான் ஞாபகம் வரும், அங்கே அரசாங்கமே கட்டி, அரசாங்கமே விளக்குப் போட்டு, அரசாங்கமே மாலையும் வைத்துவிடும். நான் இன்று பேச வந்தது, செத்தவர்களின் சொந்த பந்தங்களும் அவர்களோடு நின்ற சங்கத்துக்காரர்களும் விடாப்பிடியாக எழுப்பிய நினைவிடங்களைப் பற்றி.

முதலில் கீழவெண்மணி. அன்றைக்குக் கீழத்தஞ்சை, இன்றைக்கு நாகப்பட்டினம் மாவட்டம். 1968 டிசம்பர் 25 இரவு. விவசாயக் கூலிகள் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டார்கள், தங்கள் சங்கத்தின் செங்கொடியை இறக்க மாட்டோம் என்றார்கள், அவ்வளவுதான். மிராசுதார்களின் ஆட்கள் சேரிக்குள் புகுந்தபோது ஓட முடிந்தவர்கள் வயலுக்குள் ஓடினார்கள். ஓட முடியாத வயசாளிகளும் பெண்களும் பிள்ளைகளும் ஒரு சின்னக் குடிசைக்குள் போய் அடைந்துகொண்டார்கள், அந்தக் குடிசையைக் கொளுத்தினார்கள். 44 பேர். அதில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். எல்லாரும் தலித் விவசாயக் கூலிக் குடும்பத்துக்காரர்கள்.

அந்த இடத்தில்தான் இன்று நினைவிடம் நிற்கிறது. ஒரு டிசம்பர் 25 அன்று நானும் போயிருந்தேன். ஊர் ஊராக வேன் பிடித்து வந்து இறங்குகிறார்கள், செங்கொடி, பூ, 'வீரவணக்கம்' என்று முழக்கம், ஒரே கூட்டம். அதற்கு நடுவில் ஒரு பாட்டி பெயர்கள் வெட்டியிருக்கிற கல்லுக்கு முன்னால் வந்து நின்றார். எழுத்துத் தெரியாதவர். ஆனால் தனக்கு வேண்டிய பெயர் கீழேயிருந்து எத்தனையாவது வரி என்பது மட்டும் தெரியும், விரலால் வரியை எண்ணி அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளையிடம் "இதைக் கொஞ்சம் சத்தமாப் படி கண்ணு" என்றார். அந்தப் பிள்ளை படித்தது. பாட்டி தலையை ஆட்டிவிட்டுக் கையை எடுத்தார். அவ்வளவுதான் நடந்தது, ஆனால் எனக்கு அந்த ஒரு நிமிடம்தான் இன்றுவரை மனதில் நிற்கிறது.

ஏன் அந்தப் பெயரைச் சத்தமாகக் கேட்க வேண்டியிருக்கிறது? வழக்கு போன போக்கைப் பாருங்கள். 1970-ல் நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் மிராசுதார்களுக்குத் தண்டனை கொடுத்தது. 1973-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. கார் வைத்திருக்கிற பணக்கார மிராசுதார்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்கிற மாதிரி அந்தத் தீர்ப்பில் எழுதியிருந்தது. ஆக, காகிதத்தில் 44 பேரைக் கொன்றதற்கு ஆளே இல்லை என்றாகிவிட்டது. அப்புறம் அந்த மக்களிடம் மிஞ்சியது கல்தான். கோர்ட்டில் எடுபடாமல் போன சாட்சியத்தை அவர்கள் ஒவ்வொரு வருஷமும் அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று சொல்கிறார்கள்.

இதில் ஒரு கருத்து வேறுபாடும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வெண்மணி கூலிப் போராட்டமா, சாதிக் கொடுமையா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. என் மனதுக்குப் பட்டது, கூலியை விட்டுவிட்டால் அவர்கள் எதற்காக நின்றார்கள் என்பது போய்விடும், சாதியை விட்டுவிட்டால் சேரி என்பதால்தான் அவ்வளவு துணிச்சலாகக் கொளுத்தினார்கள் என்பது போய்விடும். நினைவிடத்தில் இரண்டும் இருக்க வேண்டும்.

அடுத்தது மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் மேலவளவு. தலித்துகளுக்கென்று ஒதுக்கிய ஊராட்சியில் தலைவராக ஜெயித்த முருகேசனையும் கூட இருந்த ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். தலைவர் நாற்காலியில் உட்கார நினைத்ததுதான் குற்றம். அவர்கள் நினைவிடத்தின் பெயர் 'விடுதலைக் களம்'. இந்த வழக்கில் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது, சரி, நீதி கிடைத்தது என்று நினைத்தால் 2019 நவம்பரில் 13 பேரை முன்கூட்டியே விட்டுவிட்டார்கள். தண்டனைக் காலத்தை அரசு குறைக்கலாம், விடுதலைக் களத்தில் ஜூன் 30 அன்று கூடுகிறவர்கள் குறைத்துக்கொள்ளவில்லை.

கல்லே இல்லாத இடமும் ஒன்று உண்டு, திருநெல்வேலியில். 1999 ஜூலை 23, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஊர்வலமாகக் கலெக்டர் ஆபீசுக்குப் போனார்கள். போலீஸ் தடியடி நடத்தியது, கூட்டம் தாமிரபரணிக்குள் இறங்கியது. 17 பேர் பிணமாகத்தான் வெளியே வந்தார்கள், ஒரு கைக்குழந்தை உட்பட. தண்ணீரில் எந்தப் பெயரை வெட்டுவது? அதனால் ஒவ்வொரு ஜூலை 23-க்கும் ஆற்றுக்கு வந்து பூவைத் தண்ணீரில் விடுகிறார்கள். கரையில் நினைவுத் தூண் வேண்டும் என்று எத்தனையோ வருஷமாகக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது பெரிய மண்டபம் ஒன்றும் இல்லை. அந்த 17 பெயர்களும், அந்தத் தேதியும், அவர்கள் என்ன கேட்டு வந்தார்கள் என்பதும் எழுதிய ஒரு தூண். அந்தக் குழந்தையின் பெயரையும் யாராவது ஒரு பிள்ளை சத்தமாகப் படிக்கட்டும். நன்றி, வணக்கம்.