கணக்குக் கேட்கும் கோடீஸ்வரர்

அவைத்தலைவர் அவர்களே, அரங்கில் கூடியிருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பங்குச் சந்தையில் பணம் பண்ணுகிறவரையும் அறம் செய்கிறவரையும் இரண்டு ஆட்களாகப் பிரித்து, முன்னவரைத் திட்டிவிட்டுப் பின்னவரைக் கும்பிடுவது நம்மிடையே உள்ள வழக்கம். பெரும் முதலீட்டாளர்களின் பணத்தைத் திரட்டிச் சந்தையில் போடும் டிசிஐ என்ற ஹெட்ஜ் ஃபண்டை லண்டனில் நடத்திவரும் சர் கிறிஸ் ஹோன் விஷயத்தில் அந்தப் பிரிவினை செல்லாது என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன். நிறுவன நிர்வாகிகளை நிறுத்திவைத்துக் கணக்குக் கேட்கும் அதே புத்திதான் அவருடைய கொடையிலும் வேலை செய்கிறது.

1966-இல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் பிறந்தவர் ஹோன். அவருடைய தந்தை, ஜமைக்காவிலிருந்து வந்து குடியேறிய கார் மெக்கானிக். சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்திலும் பிறகு ஹார்வர்டிலும் படித்து, பெர்ரி கேப்பிட்டல் என்ற அமெரிக்க நிறுவனத்துக்காக லண்டனில் சில ஆண்டுகள் வேலை பார்த்துத் தொழில் பழகிய ஹோன், 2003-இல் சொந்தமாக ஒரு ஃபண்டைத் தொடங்கினார். அதற்கு முந்தைய ஆண்டே, ஹார்வர்டில் சந்தித்து மணந்துகொண்ட ஜேமி கூப்பருடன் சேர்ந்து, ஏழை நாட்டுக் குழந்தைகளுக்காக ஓர் அறக்கட்டளையை அமைத்திருந்தார். இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டினார்கள்: ஃபண்ட் நிர்வகிக்கும் சொத்தில் ஆண்டுக்கு அரை சதவீதம் அறக்கட்டளைக்குப் போகும், லாபம் ஒரு வரம்பைத் தாண்டினால் மேலும் கொஞ்சம் போகும். கடிகார முள்ளைப் போல ஆண்டுதோறும் தானாக நகர்ந்த அந்த ஏற்பாடு, அறக்கட்டளையைச் சில ஆண்டுகளிலேயே உலகின் பெரிய கொடை நிறுவனங்களுள் ஒன்றாக்கியது.

பங்கை வாங்கிவிட்டு, பங்குதாரர் என்ற உரிமையில் நிர்வாகத்தை நெருக்கும் ஆக்டிவிஸ்ட் முதலீட்டாளர் எப்படி வேலை செய்கிறார் என்பதை ஓர் உதாரணத்தால் பார்ப்போம். 2004-இன் இறுதியில் பிராங்க்பர்ட் பங்குச் சந்தையை நடத்தும் டாய்ச்ச போர்ஸ, லண்டன் பங்குச் சந்தையை வாங்க முன்வந்தது. டாய்ச்ச போர்ஸவின் பங்குகளை வைத்திருந்த ஹோன், "இது எங்கள் பணம், இவ்வளவு விலை கொடுத்து வாங்குவதைவிட அதைப் பங்குதாரர்களுக்கே திருப்பிக் கொடுங்கள்" என்ற வாதத்தோடு மற்றப் பங்குதாரர்களையும் திரட்டினார். 2005 மார்ச்சில் நிர்வாகம் திட்டத்தைக் கைவிட்டது. மே மாதம் தலைமைச் செயல் அதிகாரி வெர்னர் சைஃபர்ட் பதவி இழந்தார். நூற்றுக்குப் பத்துப் பங்குகூட இல்லாதவர் ஒரு நாட்டின் பெருமைமிக்க நிறுவனத்தின் தலைமையையே மாற்றிவிட்டார் என்பதை ஜெர்மானியர்களால் ஜீரணிக்க முடியவில்லை. அதே வசந்தகாலத்தில் சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஃபிரான்ஸ் முண்டஃபெரிங், இப்படிப்பட்ட முதலீட்டாளர்களை வெட்டுக்கிளிக் கூட்டம் என்று வர்ணித்தார். அந்தப் பட்டப்பெயர் இன்றுவரை அங்கே உதிரவில்லை.

வெட்டுக்கிளி என்பது நியாயமா? 2007 பிப்ரவரியில் நெதர்லாந்தின் ஏபிஎன் ஆம்ரோ வங்கிக்கு, அதன் பங்குகளில் ஏறத்தாழ ஒரு சதவீதத்தை வைத்துக்கொண்டு, வங்கியைப் பிரித்தோ முழுதாகவோ விற்றுவிடுங்கள் என்று ஹோன் கடிதம் எழுதினார். அந்த ஆண்டு முடிவதற்குள் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து உள்ளிட்ட மூன்று வங்கிகள் கூட்டாகச் சேர்ந்து ஏறக்குறைய 7,100 கோடி யூரோவுக்கு அதை வாங்கின. பங்குதாரருக்கு அமோக லாபம். அந்த லாபத்தின் ஒரு பகுதி குழந்தைகளுக்கும் போனது. ஆனால் வாங்கியவற்றுள் ஒன்றான ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து அடுத்த ஆண்டே தள்ளாடி விழுந்தது. அதைத் தூக்கி நிறுத்தப் பிரிட்டிஷ் அரசு 4,500 கோடி பவுண்டுக்கும் அதிகமாகக் கொட்ட வேண்டியிருந்தது. அளவுக்கு மீறி விலை கொடுத்தது வாங்கியவரின் குற்றம், விற்கச் சொன்னவரின் குற்றம் அல்ல என்பது சட்டப்படி சரி. எனினும் வரி கட்டியவர்களின் பணமும் அந்தக் கணக்கில் ஒரு வரியாக இருக்கிறது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

நமக்கு நெருக்கமான கதை, பொதுத்துறை நிலக்கரி நிறுவனமான கோல் இந்தியா. 2010-இல் 245 ரூபாய் விலையில் நடந்த அதன் பங்கு வெளியீட்டுக்குப் பிறகும் 90 சதவீதப் பங்கு மத்திய அரசிடமே இருந்தது. சுமார் ஒரு சதவீதத்தோடு டிசிஐ, அரசுக்கு அடுத்த பெரிய பங்குதாரர்களுள் ஒன்றாயிற்று. 2012 ஜனவரியில் நிலக்கரிக்குப் புதிய விலைமுறையைக் கொண்டுவந்த நிறுவனம், எதிர்ப்பு எழுந்ததும் விலையேற்றத்தைப் பின்வாங்கிக்கொண்டது. அடுத்து, மின் நிறுவனங்களோடு எரிபொருள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமாறு குடியரசுத் தலைவரின் பெயரால் ஆணை வந்தது. சந்தை விலைக்கு வெகு கீழே விற்பதற்கு இயக்குநர்கள் தலையாட்டியது கடமை தவறியதாகும் என்று டிசிஐ நீதிமன்றம் ஏறியது.

இதில் இருபக்க நியாயமும் உண்டு. ஒடிசாவின் தால்ச்சர் சுரங்க நிலக்கரி பாரதீப் துறைமுகம் வழியாகக் கப்பலேறி எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வந்துதான் நம் வீட்டு விளக்கு எரிகிறது. அந்த நிலக்கரியின் விலை ஏறினால் மின்வாரியத்தின் கடன் ஏறும், அல்லது நம் மின்கட்டணம் ஏறும். பத்தில் ஒன்பது பங்கு அரசிடம் இருப்பது தெரிந்தே வாங்கியவர், அரசு அரசைப் போல நடந்துகொள்கிறதே என்று புகார் சொல்வதும் சற்று விநோதம்தான். மறுபக்கம், பொதுமக்களிடம் பங்கு விற்றுப் பணம் வாங்கிய நிறுவனத்தின் இயக்குநர் குழு, அமைச்சகத்தின் தபால் அலுவலகமாக இருக்கலாமா என்ற அவருடைய கேள்வி, நம் பொதுத்துறை நிறுவனங்கள் எல்லாவற்றையும் பார்த்துக் கேட்கத் தகுந்தது. இரண்டு ஆண்டு இழுபறிக்குப் பிறகு டிசிஐ பங்குகளை விற்றுவிட்டு வெளியேறியது.

அன்று நிலக்கரிக்கு முழு விலை கேட்டவர், 2020 வாக்கில் நிலக்கரித் திட்டங்களுக்குக் கடன் கொடுப்பதை நிறுத்துங்கள் என்று பெரிய வங்கிகளுக்கு எழுதத் தொடங்கினார். இதை முரண்பாடு என்பாரும் உண்டு. மலிவு விலை நிலக்கரி என்பது உண்மைச் செலவை மறைக்கும் கணக்கு என்று பார்த்தால், இரண்டு கடிதமும் ஒரே கையெழுத்துத்தான். பருவநிலைப் பாதிப்பும் கணக்கில் ஏறட்டும் என்பதே அவருடைய பிந்தைய இயக்கம்: ஒவ்வொரு நிறுவனமும் தன் கரியமில வாயு வெளியேற்றத்தையும் அதைக் குறைக்கும் திட்டத்தையும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வைத்துப் பங்குதாரரின் வாக்கைக் கேட்க வேண்டும். ஸ்பெயினின் விமான நிலைய நிறுவனமான ஏனா, 2020 அக்டோபரில் இதை முதலில் ஏற்றுக்கொண்டது. கொடுத்த வாக்குறுதியை எண்ணால் சொல்லவைக்கும் உபாயம் இது. ஆனால் அந்த வாக்குக்கு அறிவுரையின் பலம் மட்டுமே உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கணக்குக் கேட்டவரின் அறக்கட்டளையே கணக்குச் சொல்ல நேர்ந்த நாளும் வந்தது. தம்பதியர் பிரிந்தபோது, 2014-இல் லண்டன் நீதிமன்றம் ஜேமி கூப்பருக்கு 33.7 கோடி பவுண்டு வழங்கத் தீர்ப்பளித்தது. அது சொந்தச் சொத்து பற்றிய வழக்கு. அறக்கட்டளைப் பணத்தின் கதை வேறு: ஜேமி அதிலிருந்து விலகிக்கொள்ள, அவர் தொடங்கும் புதிய தொண்டு நிறுவனத்துக்கு 36 கோடி டாலர் கொடுப்பதென ஏற்பாடானது. கணவன், மனைவி இருவருக்குமே அதில் சொந்த நலன் இருந்ததால், அதற்கு ஒப்புதல் அளிக்க வேண்டிய அறக்கட்டளை உறுப்பினர்களுள் மிச்சமிருந்த ஒரே ஒருவரின் வாக்கில் போய் எல்லாம் நின்றது. அவர் தம் விருப்பப்படி வாக்களிக்கலாமா, நீதிமன்றம் அவரைக் கட்டாயப்படுத்தலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. 2020 ஜூலையில் வந்த தீர்ப்பு, இத்தகைய அறக்கட்டளையின் உறுப்பினரும் அறத்துக்கே கடமைப்பட்டவர், அந்த நன்கொடை அறக்கட்டளையின் நலனுக்கு உகந்தது என்று நீதிமன்றம் முடிவு செய்தபின் மறுப்பதற்கு அவருக்கு உரிமை இல்லை என்று கூறி, ஆதரித்து வாக்களிக்குமாறு அவருக்கு ஆணையிட்டது.