உங்கள் பிளேன் டீக்குப் பின்னால் ஒரு பூஞ்சை

[காட்சி: புறக்கோட்டையில் ஒரு தேநீர்க் கடை. கண்ணாடிக் குவளையில் பிளேன் டீ.]

வணக்கம். கையில் பிளேன் டீ இருக்கிறதா? இருந்தால் ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கேளுங்கள். 150 ஆண்டுகளுக்கு முன்பு இதே கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை மூட்டையாகக் கப்பலேறியது தேயிலை இல்லை, கோப்பி. மலைநாடு முழுவதும் கோப்பிதான். அந்தக் கோப்பியைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சை விழுங்கியது. அது வராமல் இருந்திருந்தால் இந்தக் கடை கோப்பிக் கடையாக இருந்திருக்கும். உங்களோடு பேசிக்கொண்டிருக்கும் நான் கொழும்பில் பிறந்திருப்பேனா என்பதே சந்தேகம். ஏன் என்று பிறகு சொல்கிறேன், போய்விடாதீர்கள்.

நோய் ஆராய்ச்சி என்றதும் நமக்கு ஆஸ்பத்திரியும் ஊசியும் நினைவுக்கு வரும். ஆடு மாடுகளுக்கு வரும் நோயைக் கொஞ்சம் கவனிப்போம். செடிக்கு வரும் நோய் என்றால் அது விவசாயியின் பாடு என்று விட்டுவிடுவோம். மனிதர், விலங்கு, தாவரம் எல்லாவற்றின் நலமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டது என்று விஞ்ஞானிகள் இன்று சொல்கிறார்கள். அந்தக் கயிறு எவ்வளவு இறுக்கமானது என்பதை நம் தீவைப் போலப் பட்டு அறிந்த நாடுகள் அதிகம் இருக்காது.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1815இல் கண்டி பிரித்தானியர் கைக்குப் போனது. காட்டை வெட்டினார்கள், கோப்பி நட்டார்கள். 1867இல் கண்டிக்கு ரயில் வந்ததே கோப்பி மூட்டைகளைக் கொழும்புக்கு இறக்குவதற்காகத்தான். 1870களில் கோப்பித் தோட்டங்கள் இரண்டரை லட்சம் ஏக்கரைத் தாண்டின. பின்னணி அவ்வளவுதான்.

[காட்சி: கோப்பி இலையின் அடிப்பக்கம், மிக அருகில்.]

1869. மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கோப்பி இலைகளில் மஞ்சள் புள்ளிகள். இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் தூள். விரலால் தடவினால் குங்குமப்பூவை அரைத்துத் தொட்டதுபோல் ஒட்டிக்கொள்ளும். பிறகு இலைகள் உதிர்ந்தன, மரம் மொட்டையானது, அடுத்த பருவத்தில் காய் குறைந்தது.

பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் துவைட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்தில் இருந்த பெர்க்லி என்ற பாதிரியாருக்கு அனுப்பிவைத்தார். பாதிரியாருக்கு ஏன் என்கிறீர்களா? பூஞ்சைகளை அவரளவுக்கு அறிந்தவர்கள் அன்று மிகச் சிலர். அயர்லாந்தின் உருளைக்கிழங்குகளை அழுகவைத்துப் பெரும் பஞ்சத்தை உண்டாக்கிய நோய்க்கும் காரணம் பூஞ்சை போன்ற ஓர் உயிரிதான் என்று, பலர் நம்ப மறுத்த காலத்திலேயே வாதாடியவர் அவர்.

பெர்க்லி இலைத்தூளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். அவர் கண்ட வித்து, அதாவது பூஞ்சையைப் பரப்பும் நுண்துகள், தோடம்பழச் சுளை வடிவத்தில் இருந்தது. ஒரு பக்கம் முள்முள்ளாக, மறுபக்கம் வழுவழுப்பாக. அதனால் ‘ஹெமிலியா’, அதாவது பாதி வழுவழுப்பானது, என்று பெயர் வைத்தார். கூடவே ‘வாஸ்டாட்ரிக்ஸ்’, நாசக்காரி. தோட்டத் துரைமாருக்கு இந்த லத்தீன் வாயில் நுழையவில்லை. ‘டெவஸ்டேட்டிங் எமிலி’ என்று கூப்பிட்டார்கள். சர்வநாசம் செய்யும் எமிலி! ஒரு நோய்க்கு இதைவிடப் பொருத்தமான செல்லப்பெயரை நான் கேட்டதில்லை.

எமிலி வந்ததும் துரைமார் நடவை நிறுத்தினார்களா? இல்லை. உலகச் சந்தையில் கோப்பி விலை ஏறிக்கொண்டிருந்தது. விளைச்சல் குறைந்தாலும் கையில் காசு குறையவில்லை. ஆகவே இன்னும் காடு வெட்டி இன்னும் கோப்பி நட்டார்கள். நோய்க்கு விருந்து வைப்பது என்றால் இதுதான்.

இனி இந்தக் காணொளியில் எனக்கு மிகவும் பிடித்த மனிதரிடம் வருகிறேன். இவரைப் பற்றிப் பேசத்தான் இதை எடுக்கவே தொடங்கினேன்.

ஹாரி மார்ஷல் வார்ட். இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர். 1880இல் இந்த நோயை ஆராய்வதற்கென்றே அரசாங்கம் அவரை இங்கே வரவழைத்தது. நோய் தெரியவந்து 11 ஆண்டுகள் கழித்து! வீட்டில் தீப்பிடித்துக் கூரையும் எரிந்த பிறகு தண்ணீர் வாளியைத் தேடிய கதை.

அவர் வரும்போது ஆளுக்கு ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மண் களைத்துவிட்டது என்றார் ஒருவர். பசளை போதாது என்றார் இன்னொருவர். மழையைக் குறை சொன்னார்கள், மரத்தின் வயதைக் குறை சொன்னார்கள். வார்ட் எவரோடும் சண்டைக்குப் போகவில்லை. கண்ணாடித் துண்டுகளை எடுத்தார், ஒட்டும் பசை பூசினார், தோட்டத்தில் தொங்கவிட்டார். அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள்: பனிமூட்டத்துக்குள் கோப்பி மரங்களுக்கு நடுவே ஆடிக்கொண்டிருக்கும் கண்ணாடித் துண்டுகள். பிறகு ஒவ்வொன்றையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியில் ஒட்டியிருந்தன, பாதி வழுவழுப்பான அந்த வித்துகள். எமிலி காற்றில் ஏறி வருகிறாள் என்பதற்குச் சாட்சி கையில் கிடைத்துவிட்டது.

அடுத்த கேள்வி, இலைக்குள் எப்படி நுழைகிறது? இலையில் ஒரு துளி நீரில் வித்தை வைத்தார். வித்து முளைத்து மெல்லிய குழாயொன்றை நீட்டியது. அது இலையின் அடிப்பக்கத்தில் துழாவிப்போய், இலை மூச்சுவிடும் நுண்துளை ஒன்றைக் கண்டதும் உள்ளே இறங்கியது. கதவை உடைக்கவில்லை, திறந்திருந்த ஜன்னல் வழியாகவே போனது. உள்ளே போனபின் மேலே எந்தத் தூளைத் தூவியும் பயனில்லை. சில வாரங்களில் அதே இடத்தில் செம்மஞ்சள் புள்ளி தோன்றும், அதிலிருந்து எண்ணிலடங்கா வித்துகள் மறுபடி காற்றில் கிளம்பும்.

கொழும்பின் மழையையும் புழுக்கத்தையும் அறிந்த நமக்கு இது எளிதாகப் புரியும். வித்து முளைக்க ஈரம் வேண்டும், பரவக் காற்று வேண்டும், தின்ன இலை வேண்டும். மூன்றும் மலைநாட்டில் தாராளம். வார்ட் சொன்னதில் துரைமாருக்குக் கசந்தது இந்த மூன்றாவது விஷயம்தான். மலைக்கு மலை இடைவெளியின்றி ஒரே பயிர். ஒரு மரத்தில் எழும் வித்துக்கு அடுத்த மரத்திலேயே இலை காத்திருக்கிறது. அதைத் தடுக்க நடுவே வேறு மரமே இல்லை.

அவர்கள் கேட்டது மருந்து. அவர் கொடுத்தது காரணம். 1882இல் அவர் திரும்பிப் போனபோது தோற்றுப் போனவர் என்றுதான் பலர் நினைத்தார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. காற்றில் வரும் ஒரு பயிர்நோயின் பயணத்தை இவ்வளவு சுத்தமாக, அடிக்கு அடி காட்டிய ஆராய்ச்சி அந்தக் காலத்தில் மிக அரிது. பிற்காலத்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பேராசிரியராக இருந்தவரும் இதே வார்ட்தான். 1885இல் பிரான்சில் மிலார்தே என்பவர் துருசு என்ற செப்பு உப்பும் சுண்ணாம்பும் கலந்து திராட்சைக் கொடிகளின் நோய்க்கு மருந்து கண்டார். போர்டோ கலவை என்பது அதுதான். வார்ட் கப்பலேறி மூன்றே ஆண்டுகளில்! இந்தத் தேதிகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

கோப்பி விழுந்தது. 1870 வாக்கில் ஆண்டுக்குச் சுமார் 10 கோடி இறாத்தல் ஏற்றுமதி. இருபது ஆண்டுகளுக்குள் அது சுமார் 50 லட்சம் இறாத்தலுக்கு இறங்கியது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியன்டல் வங்கி 1884இல் மூடப்பட்டது.

நடுவில் ஒரு சின்னக் கிளைக்கதை. கோப்பி போன இடத்தில் துரைமார் முதலில் சிங்கோனா நட்டார்கள். மலேரியாவுக்குக் கொடுக்கும் குயினைன் அந்த மரத்தின் பட்டையில்தான் இருக்கிறது. எல்லோரும் ஒரேயடியாக நட்டதால் பட்டை குவிந்து, விலை சரிந்தது. செடியின் நோய் ஒன்று மனிதரின் மருந்தை மலிவாக்கியது!

[காட்சி: கொழுந்து பறிக்கும் விரல்கள்.]

பிறகுதான் தேயிலை. ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்டு வைத்திருந்தார். கோப்பி சாய்ந்ததும் எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினார்கள்.

தொடக்கத்தில் ஒரு கணக்கைப் பாக்கி வைத்தேன் அல்லவா? கோப்பி பருவப் பயிர். அறுவடைக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள், மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள், வேலை முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினார்கள். அந்த வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் மாண்டவர்கள் ஏராளம், அவர்களுக்குக் கல்லறைகூட இல்லை. தேயிலை அப்படியில்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து துளிர்க்கும், துளிர்க்கத் துளிர்க்கப் பறிக்க வேண்டும். வந்து போகும் ஆட்கள் போதாது. குடும்பமாக, பெண்களும் பிள்ளைகளுமாக லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், தங்க வேண்டியிருந்தது. என் பாட்டி ஹட்டன் பக்கத்தில் கொழுந்து பறித்தவர், அவர் மகள் கொழும்புக்கு வந்தார், நான் கொட்டாஞ்சேனையில் பிறந்தேன். நம் வீட்டு வரலாற்றைப் புரட்டினால் அதன் ஒரு பக்கத்தில் செம்மஞ்சள் தூள் படிந்திருக்கிறது.

ஒன்றைத் திருத்திவிடுகிறேன். இந்தப் பூஞ்சையால்தான் ஆங்கிலேயர் கோப்பியை விட்டுத் தேநீருக்கு மாறினார்கள் என்று பல இடங்களில் சொல்கிறார்கள். அது தவறு. அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே அங்கே தேநீர் வீட்டுப் பானமாகிவிட்டது. எமிலி மாற்றியது அவர்கள் நாக்கை இல்லை, நம் மலைகளை.

இப்போது 1946க்கு வாருங்கள். தேயிலைக்கும் நோய் வந்தது. கொப்புள நோய். இதுவும் பூஞ்சை, இதற்கும் ஈரமான காற்றே வாகனம். தாக்குவதோ இளந்தளிரை, அதாவது நாம் பறிக்கும் அதே கொழுந்தை! ஆனால் இம்முறை தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருந்தது. 1925இலேயே தொடங்கப்பட்டது. ஆட்கள் இருந்தார்கள், சோதனைத் தோட்டம் இருந்தது. செப்பு மருந்தை எப்போது தெளிப்பது, எந்த மாதத்தில் கிளைகளை வெட்டிக் கவ்வாத்து செய்வது என்று அங்கேயே சோதித்து வழி கண்டார்கள். தேயிலை பிழைத்தது. 11 ஆண்டுகள் ஆளைத் தேடுவதற்கும், நோய் வரும் முன்பே 21 ஆண்டுகளாக ஆள் இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் குவளையில் நீங்கள் குடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

[காட்சி: சந்தையில் தேங்காய்க் குவியல்.]

2025இன் தொடக்கத்தில் கொழும்பில் தேங்காய் 200 ரூபாயைத் தாண்டியது, நினைவிருக்கிறதா? சம்பலுக்குக்கூட யோசிக்க வேண்டியிருந்தது. அதற்கு வானிலை, பூச்சி, குரங்கு என்று பல காரணங்கள். ஆனால் தெற்கே 2006 முதல் இன்னொரு நோயும் தென்னையைப் பிடித்திருக்கிறது. வெலிகமத் தென்னை இலை வாடல் நோய். பைட்டோபிளாஸ்மா என்ற, செல்சுவரே இல்லாத நுண்ணுயிர் அதற்குக் காரணம். சாறு உறிஞ்சும் பூச்சிகள் வழியே பரவும் கிருமி வகை அது. அது வடக்கு நோக்கி நகராமல் இருக்க எல்லைக்கோடு வகுத்து, நோய்ப்பட்ட மரங்களை வெட்டுகிறார்கள். லுணுவிலத் தென்னை ஆராய்ச்சி நிலையத்தார் தாங்கும் தன்மையுள்ள மரங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தங்கள் மரத்தை வெட்டக் கொடுக்கும் அந்தக் குடும்பங்களை நினைக்கும்போது, இந்த ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் பணத்தைச் செலவு என்று கணக்கெழுதவே எனக்கு மனம் வரவில்லை. பாராளுமன்றத்தில் வரவு செலவுத் திட்டம் பேசப்படும் நாளில் இந்த நிலையங்களுக்கு எவ்வளவு என்று நீங்களும் பாருங்கள், உங்கள் மாவட்ட உறுப்பினரிடம் கேளுங்கள்.

மலையகத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். லயத்துக்குப் பின்னால், வீட்டு வேலியோரத்தில் இன்னும் கோப்பிச் செடிகள் நிற்கும். நாளை காலை ஓர் இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். செம்மஞ்சள் தூள் இருந்தால் படம் பிடித்து, ஊர்ப் பெயரோடு கருத்துப் பகுதியில் போடுங்கள். வரும் படங்களையெல்லாம் ஒரு வரைபடத்தில் குறித்து அடுத்த காணொளியில் காட்டுகிறேன்.