சாம்பலுக்குள் காந்தம்
(ரீயூனியன் தீவு, சாந்த்-ஆந்த்ரேயில் தமிழ் வகுப்பு விழாவில் பேசியது)

பெரியோர்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

எத்தாங்-சாலே கடற்கரைக்குப் போகும்போது ஒரு சாதாரண காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துப் போங்கள். பை முக்கியம், இல்லையென்றால் காந்தத்தைச் சுத்தம் செய்தே பொழுது போய்விடும். கறுப்பு மணல்மேல் ஓட்டிப் பாருங்கள். பொடித் துகள்கள் முள்முள்ளாகச் சிலிர்த்து நிற்கும். பச்சையாக மின்னும் ஆலிவின் என்ற கனிமம் மட்டும் ஒட்டாமல் கிடக்கும். ஒட்டியவற்றில் பெரும்பகுதி டைட்டனோமேக்னடைட்: இரும்பு, டைட்டேனியம், ஆக்சிஜன் சேர்ந்த எரிமலைக் கனிமம்.

எரிமலைச் சாம்பலிலும் இது உண்டு. ஒரே வெடிப்பின் சாம்பல் எந்த ஏரியில் விழுந்தாலும் வயது ஒன்றுதான். ஆகவே அந்த அடுக்கு கிடைத்தால் காலக்கணக்குக்கு நல்ல பிடி. ஆனால் சில மில்லிமீட்டர் அடுக்கு கண்ணுக்கு எங்கே தெரியும்? ஏரிச் சேற்றைக் குழாயில் உருளையாக எடுத்து, கம்பிச்சுருள் வளையத்துக்குள் நகர்த்தி, காந்த ஏற்புத்திறனை, அதாவது காந்தப்புலத்தில் அது எவ்வளவு காந்தமாகிறது என்பதை, அளப்பார்கள். வெறும் சேற்றில் தாழ்ந்தே கிடக்கும் அளவு, சாம்பல் வந்ததும் சட்டென்று ஏறும். உருளையை வெட்டக்கூட வேண்டாம்.

சரி, எந்த மலையின் சாம்பல்? சூடாக்கினால் துப்பு கிடைக்கும். ஒவ்வொரு காந்தப் பொருளும் ஒரு வெப்பநிலையில் தன் காந்தத்தை இழக்கும் என்று பிரெஞ்சு இயற்பியலாளர் பியேர் கியூரி 1895-இல் காட்டினார். சுத்தமான மேக்னடைட்டுக்கு அது 580 டிகிரி. டைட்டேனியம் கூடக்கூட இறங்கும். பசால்ட் என்னும் கறுத்த எரிமலைப் பாறையின் சில கனிமங்களில் 200 டிகிரிக்கும் கீழே. ஆகவே அந்த வெப்பநிலை, சாம்பலில் டைட்டேனியம் எவ்வளவு என்று காட்டிக்கொடுக்கும்; அதை மலைகளோடு ஒப்பிடலாம்.

நம் தீவில்தான் சிக்கல். சுற்றியுள்ள மண்ணே பசால்ட்டிலிருந்து வந்தது. அதுவே காந்தத்தை இழுக்கிறது. அதில் சாம்பல் தனியாகத் துள்ளித் தெரியாது. போதாக்குறைக்குத் தீயில் வெந்த மண்ணுக்கும் காந்தம் ஏறும். தீமிதிக் குழியோ, கொளுத்திய கரும்புக் காடோ, அளவெடுப்பவரை ஏமாற்றிவிடலாம்! ஒரே மலையின் இரண்டு வெடிப்புகளைப் பிரிக்கவும் காந்தம் மட்டும் போதாது. சாம்பலின் கண்ணாடித் துகள்களை, அதாவது உருகிய பாறை சட்டென்று ஆறி உறைந்த துணுக்குகளை, ரசாயனமாக ஆராய வேண்டும்.

ஆனால் அந்தக் கண்ணாடி எத்தனை காலம் தாங்கும்? 1966 ஜனவரியில் நம் எரிமலைச் சரிவில், ஃபோக்-ஃபோக்கில், 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை கொட்டியது; உலக சாதனை. இப்படிப்பட்ட ஈரத்தில் கண்ணாடி களிமண்ணாகிவிடும். டைட்டனோமேக்னடைட்டும் மெல்லத் துருவேறத்தான் செய்யும், இருந்தாலும் கண்ணாடியைவிட நெடுநாள் தாக்குப்பிடிக்கும். கண்ணாடி போய்விட்ட இடத்தில் காந்தத்தைத்தான் கேட்டாக வேண்டும்.