எச்சில் சொல்லுமா ஊர்ப்பெயரை?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

குடும்ப வேரைத் தேடுவோருக்குப் பெரிதும் கைகொடுப்பது பழைய பதிவேடுகளா, டி.என்.ஏ. பரிசோதனையா? தலைப்பு இதுதான். நான் பதிவேடுகளின் கட்சி.

எதிரணியில் முதலில் பேசியவர் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டைக் கூட்டி வந்தார். 1485இல் போர்க்களத்தில் மாண்டவர். 2012இல் லெஸ்டர் நகரத்துக் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் எலும்புக்கூடு கிடைத்தது, டி.என்.ஏ. பொருந்தியது என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கிவிட்டார். ஐயா, அந்த எலும்பை யாரோடு ஒப்பிட்டார்கள்? தெருவில் போகிறவர் வருகிறவர் வாயிலெல்லாம் பஞ்சைத் தேய்த்தார்களா? மன்னரின் அக்காவில் தொடங்கி, மகள், மகள் வயிற்றுப் பேத்தி என்று ஐந்நூறு வருடத்துப் பெண்வழியை ஆவணங்களில் துருவி, லண்டனில் இருந்த ஒரு தச்சர் வரை வந்து சேர்ந்தார்கள். ஆய்வகத்துக்கு வேலை வந்தது அப்புறம்தான்!

அதே ஆய்வில் ஆண்வழி பொருந்தவில்லையே, ஏடு பொய் சொன்னதே என்று அடுத்தவர் எழுந்து கேட்பார். கேட்கட்டும். நடுவில் எங்கோ ஒரு தகப்பன் பெயர் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். எந்தத் தலைமுறையில் தப்பு என்று உங்கள் டி.என்.ஏ. சொன்னதா?

சரி, நம் கதைக்கு வருவோம். 1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகம் சேர்ந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகள். 1911 வரை இப்படி, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்குப் போனவர்கள் சுமார் 1,52,000 பேர். அந்தக் கப்பல் பட்டியல்களைப் பார்த்திருக்கிறீர்களா? ஆளுக்கொரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம். கடைசிக் கட்டத்தில் உடல் அடையாளம்: தழும்பு, மச்சம். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியதால் எழுத்துப்பிழை கொட்டிக் கிடக்கும்தான். இருந்தாலும், டர்பனில் இன்றிருக்கும் எள்ளுப்பேத்தி அந்த எண்ணைக் கண்டுபிடித்துவிட்டால், கிராமத்துக்கு வழி கேட்க ஒரு பெயராவது கையில் இருக்கும். டி.என்.ஏ. பரிசோதனைக்கு எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால் வரும் பதில் என்ன? "தென்னிந்தியா". அதுதான் தெரியுமே, தாயே!

உறவைக் காட்டுமே என்பார்கள். நாம் மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று தலைமுறை தலைமுறையாக முடிச்சுப் போட்டவர்கள். ஒரே முன்னோர் நாலு வழியில் வந்து நிற்பார். தூரத்துச் சொந்தம்கூடக் கிட்டத்துச் சொந்தம் மாதிரி கணக்கில் தெரியும். சொந்தத்துக்குள் முடிச்சுப் போடாத கொடிவழியிலோ இதற்கு நேர்மாறு: எள்ளுத்தாத்தாவின் அப்பா ஒருவரே என்றாலும், அந்த வகையில் உறவான இருவரைச் சோதித்தால் ஏறக்குறைய பாதி நேரம் பொதுவான டி.என்.ஏ. துண்டு ஒன்றுகூட அகப்படாது. சொந்தம் பொய்யா?

தத்துப் போய்ப் பதிவே இல்லாத பிள்ளைக்கு டி.என்.ஏ.தான் கதி, மறுக்கவில்லை. ஆனால் அந்த டி.என்.ஏ.வை யாரிடம் கொடுக்கிறோம்? எச்சிலை வாங்கி டி.என்.ஏ. பார்த்துச் சொல்லும் 'ட்வென்டிதிரீ அண்ட் மீ' என்ற அமெரிக்க நிறுவனத்திலிருந்து 2023இல் சுமார் 69 லட்சம் பேரின் விவரம் களவு போனது. 2025 மார்ச்சில் அது திவால் மனுவும் போட்டது. பாஸ்வேர்டை மாற்றலாம், பரம்பரையை?

எதிரணித் தலைவருக்கு ஒரு கேள்வி. கப்பலேறிய அந்தத் தாத்தாவின் தழும்பு எந்தக் காலில் இருந்தது? எங்கள் ஏட்டில் இருக்கிறது. உங்கள் குழாயில் தேடிப் பார்த்துச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.