'தொடரும்' வராத நாள்

அனைவருக்கும் வணக்கம். ஒரு டிவி தொடர் முடிந்துபோனதைப் பற்றிப் பேச மேடை வேண்டுமா என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். வேண்டும் என்றுதான் நான் வந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் அம்மாவும் நானும் ஒரு தொடரை ஆறு வருடம் விடாமல் பார்த்தோம். இரவு எட்டு மணிக்கு வரும். பகலில் எங்களுக்குள் என்ன சண்டை நடந்திருந்தாலும் அந்த அரை மணி நேரம் ஒரே சோபாவில்தான் உட்காருவோம். தினமும் சரியாக ஆர்வம் கூடுகிற இடத்தில் காட்சி உறைந்து நிற்கும், கீழே 'தொடரும்' என்று வரும். "சரி, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று அம்மா எழுந்து போவார்.

கடைசி நாளும் காட்சி உறைந்தது. நடித்தவர்களின் பெயர்கள் ஓடி முடிந்தன. 'தொடரும்' வரவில்லை. அம்மாவும் எழுந்திருக்கவில்லை. விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கிறது, ரிமோட் அவர் மடியிலேயே கிடக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பொண்ணு இனிமே என்ன பண்ணும்?" என்று கேட்டார். கதையில் அவளுக்கு எல்லாமே நல்லபடியாக முடிந்திருந்தது. அது அம்மாவுக்கும் தெரியும். தினமும் வீட்டுக்கு வந்து போனவளை நாளையிலிருந்து பார்க்க முடியாதே என்பதுதான் அந்தக் கேள்விக்குள் இருந்தது.

இரண்டரை மணி நேரத்தில் முடியும் என்று தெரிந்துதான் சினிமாவுக்குப் போகிறோம். தொடரோ நம் வயதோடு சேர்ந்து நடக்கிறது. முதல் வாரத்தில் குழந்தையாக வந்த நடிகர் கடைசி வாரத்தில் நம் தோள் உயரத்துக்கு வளர்ந்திருப்பார். அதனால் கடைசி அத்தியாயத்துக்கு முடிச்சுகளை அவிழ்ப்பது இரண்டாவது வேலைதான் என்பேன். நாம் விடைகொடுக்க நேரம் தருவதே முதல் வேலை.

அமெரிக்கத் தொலைக்காட்சியின் ஆரம்ப காலத்தில் பெரும்பாலான தொடர்களுக்கு அந்த வேலையே இல்லை. ஒரு வாரம் வரும், அடுத்த வாரம் வராது, அவ்வளவுதான். 'தி ஃப்யூஜிடிவ்' தொடரில், செய்யாத கொலைக்குத் தண்டிக்கப்பட்ட டாக்டர் ஒருவர் 1963 முதல் ஓடிக்கொண்டே இருந்தார். 1967 ஆகஸ்ட் 29 அன்று அவர் ஓட்டம் நின்றது. அதைப் பார்க்க 7 கோடிக்கும் மேற்பட்டோர் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள்.

அப்புறம் 'மாஷ்'. கொரியப் போர்முனையில் இருந்த ராணுவ மருத்துவமனையின் கதை. போர் நடந்தது மூன்று வருடம், தொடர் வந்தது பதினொரு வருடம்! 1983 பிப்ரவரி 28 அன்று இரண்டரை மணி நேரம் ஒளிபரப்பான அதன் இறுதி அத்தியாயத்தைச் சுமார் 10 கோடியே 60 லட்சம் பேர் பார்த்தார்கள். போர் முடிந்து ஒவ்வொருவராகக் கிளம்புகிறார்கள். பி.ஜே. என்ற டாக்டருக்கு விடைபெறும் அந்த ஒரு சொல் மட்டும் வாயில் வரமாட்டேன் என்கிறது. ஹாக்-ஐ என்ற நண்பர் எவ்வளவு கேட்டும் பி.ஜே. சொல்லாமல் நழுவுகிறார். கடைசியில் ஹாக்-ஐ ஹெலிகாப்டரில் ஏறி மேலே போய்க் குனிந்து பார்க்கிறார். தரையில் கற்களை அடுக்கி, பெரிய எழுத்தில், 'குட்பை'. எனக்கு இப்போது சொல்லும்போதும் தொண்டை அடைக்கிறது.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. படப்பிடிப்பில் கடைசியாக எடுத்தது அந்த அத்தியாயத்தை அல்ல, அதற்கு முந்தைய வாரம் ஒளிபரப்பானதை. அதில் முகாமின் நினைவாகப் பொருள்களை ஒரு பெட்டியில் வைத்து மண்ணில் புதைப்பார்கள். நடிகர்களாக அவர்கள் ஒருவருக்கொருவர் விடைகொடுத்தது அந்தக் குழியைச் சுற்றி நின்றுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

'தி சோப்ரானோஸ்' என்ற மாஃபியா குடும்பத் தொடர் 2007இல் ஒரு காட்சியின் நடுவிலேயே திரையை இருட்டாக்கி முடிந்தது. கேபிள் போய்விட்டதோ என்று பலர் பதறினார்கள். துணிச்சலான முடிவுதான், மதிக்கிறேன். ஆனால் அத்தனை வருடம் கூட வந்தவர்களுக்கு வாசல்வரை வந்து வழியனுப்ப ஒரு நிமிடம் கொடுத்திருக்கலாம்.

எங்கள் வீட்டில் மறுநாளும் எட்டு மணி ஆனது. அம்மா டிவியைப் போட்டார். அதே நேரத்தில் புதுத் தொடர், புது முகங்கள். ஐந்து நிமிடம் பார்த்தார். பிறகு சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, பழைய தொடரின் தலைப்புப் பாட்டை மெதுவாக முணுமுணுக்க ஆரம்பித்தார். இரண்டாவது வரியில் நானும் சேர்ந்துகொண்டேன்.

நன்றி, வணக்கம்.