சட்டி பானை தட்டி ஆட்சியைக் கவிழ்த்த நாடு: அதுக்கப்புறம் என்ன ஆச்சு தெரியுமா?

[திரையில்: பனி மூடிய திடல், அதன் ஓரத்தில் கருங்கல் நாடாளுமன்றம், வாசலில் கூட்டம்]

வணக்கம் மக்களே. 2009 ஜனவரி 20. ஐஸ்லாந்து நாடாளுமன்றம் கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து அன்றைக்குத்தான் கூடுகிறது. வெளியே உடம்பு விறைக்கும் குளிர். அந்தக் குளிரில் ஜனங்கள் வீட்டு அடுப்படியில் இருந்து சட்டி, பானை, கரண்டி என்று கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்து தட்ட ஆரம்பித்தார்கள். பகலில் தட்டினார்கள், ராத்திரியும் தட்டினார்கள். ஒரே வாரத்தில், ஜனவரி 26 அன்று, ஆட்சி கவிழ்ந்தது.

இந்த இடத்தில் வீடியோவை முடித்துவிட்டு 'மக்கள் சக்தி' என்று ஒரு பாட்டு போட்டால் ஷேர் அள்ளும். நான் அப்படி முடிக்கப் போவதில்லை. ஆட்சி கவிழ்ந்த பிறகு அந்த மக்கள் செய்த ஒரு காரியம் இருக்கிறது. வேலூரில் உட்கார்ந்திருக்கும் நமக்கு உண்மையிலேயே வேண்டியது அதுதான். ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

முதலில் பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஐஸ்லாந்தின் பரப்பளவு தமிழ்நாட்டில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல். மொத்த ஜனத்தொகை அப்போது சுமார் 3.2 லட்சம். 2011 கணக்கெடுப்பில் நம் வேலூர் நகரப் பகுதியில் மட்டும் 4.8 லட்சம் பேர். ஒரு நாட்டின் மொத்த ஜனமும் நம் நகரத்தைவிடக் குறைவு. கிளிட்னிர், லாண்ட்ஸ்பாங்கி, காப்திங் என்று மூன்று வங்கிகள். வெளிநாட்டில் கடன் வாங்கி வாங்கி வளர்ந்ததில், நாட்டின் ஒரு வருட மொத்த உற்பத்தியைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு சொத்து மூன்றிலும் சேர்ந்திருந்தது. 2008 அக்டோபரில் மூன்றும் ஒரே வாரத்தில் சரிந்தன. பிரதமர் கெய்ர் ஹார்டே டிவியில் தோன்றி, கடவுள் ஐஸ்லாந்தைக் காக்கட்டும் என்று பேச்சை முடித்தார். வீட்டுக் கடன் வாங்கியவர்களின் தவணை ஏறியது, வேலை போனது, நாணய மதிப்பு விழுந்தது.

ஒரு நாட்டின் தலைவர் கடவுளைக் கூப்பிட்டால் மக்கள் யாரைக் கூப்பிடுவது? ஹோர்துர் தோர்ஃபாசோன் என்ற பாடகர் நாடாளுமன்றத்துக்கு எதிரே உள்ள திடலில் போய் நின்று, போகிற வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தார். இந்த நாட்டில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. சனிக்கிழமைதோறும் அங்கே கூட்டம் சேர்ந்தது. பனியிலும் காற்றிலும் விடாமல் சேர்ந்தது. ஜனவரியில் சட்டி பானை வந்ததெல்லாம் இந்தச் சனிக்கிழமைகளின் தொடர்ச்சிதான்.

அந்தக் கேள்வியைக் கவனியுங்கள். 'என்ன நடந்தது?' ராஜினாமா செய் என்ற கோஷமும் அங்கே இருந்தது. ஆனால் அடியில் ஓடியது இந்தக் கேள்விதான். அதற்குப் பதில் தேட அமைத்ததுதான் சிறப்பு விசாரணைக் குழு. உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர், நாடாளுமன்றத்தின் மக்கள் குறைதீர்ப்பாளர் ஒருவர், பொருளாதார நிபுணர் ஒருவர், ஆக மூன்றே பேர். வங்கிகளின் உள்விவகாரங்களைக் கேட்டு வாங்கும் அதிகாரம் அவர்களுக்குச் சட்டப்படி இருந்தது. 2010 ஏப்ரல் 12 அன்று அறிக்கை வெளிவந்தது. ஒன்பது தொகுதிகள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். மூன்று அமைச்சர்கள், மத்திய வங்கியின் மூன்று ஆளுநர்கள், நிதிக் கண்காணிப்பு அமைப்பின் தலைவர் என ஏழு பேர் கடமையில் அலட்சியமாக இருந்தார்கள் என்று பதவியோடும் பெயரோடும் எழுதினார்கள்.

[திரையில்: இருட்டான நாடக மேடை, ஒரு மேசை, ஒரு விளக்கு]

இனி வருவதுதான் எனக்குப் பிடித்த இடம். நம் ஊரில் விசாரணை கமிஷன் அறிக்கை வந்தால் என்ன ஆகும்? கனமான ஒரு காகிதக் கட்டை ஒருவர் கொடுப்பார், ஒருவர் வாங்குவார், போட்டோ வரும். அப்புறம் அது அலமாரிக்குப் போகும். ரெய்க்யாவிக் நகர நாடக அரங்கின் நடிகர்கள் அந்த அறிக்கையை மேடைக்குக் கொண்டுபோனார்கள். முதல் பக்கத்தில் தொடங்கி ஒருவர் மாற்றி ஒருவர் சத்தமாக வாசித்தார்கள். ஒரு வரி விடவில்லை. பகலிலும் வாசித்தார்கள், நடுராத்திரியிலும் வாசித்தார்கள், நாள் கணக்கில் வாசித்தார்கள். வேஷமோ வசனமோ இசையோ கிடையாது. எந்த வங்கி எந்தக் கம்பெனிக்கு எவ்வளவு கடன் கொடுத்தது, அந்தக் கம்பெனி யாருடையது, எச்சரிக்கை வந்தபோது யார் என்ன செய்யாமல் விட்டார்கள், இவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்கார்ந்து கேட்கலாம். இணையத்திலும் ஒளிபரப்பானது. அச்சடித்த அறிக்கையும் கடைகளில் நாவல் மாதிரி விற்றது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ராத்திரி மூன்று மணிக்கு ஒரு நடிகர் கடன் விவர அட்டவணையை வாசிக்கிறார். எதிரே நாலு பேர் உட்கார்ந்து கேட்கிறார்கள். ஏமாற்றப்பட்ட ஜனங்கள் தங்கள் பணம் போன வழியைக் காதால் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். கோபத்தில் கல் எறிவதைவிட இது எனக்குப் பெரிய காரியமாகப் படுகிறது. கல் எறிந்தவன் வீட்டுக்குப் போனதும் அமைச்சர் மூச்சு விடுவார். கணக்கைக் கேட்டு வைத்துக்கொண்டவனிடம் அப்படி விட முடியாது.

தண்டனை விஷயத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். சிறப்பு அரசு வழக்கறிஞர் பதவிக்கு விளம்பரம் கொடுத்தபோது முதலில் ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை. பிறகு அக்ரானெஸ் என்ற சின்ன மீன்பிடி ஊரில் காவல் அதிகாரியாக இருந்தவர் வந்தார். ஓலஃபுர் ஹாக்சன் அவர் பெயர். காப்திங் வங்கியின் தலைமை நிர்வாகி உட்படப் பல வங்கியாளர்களைச் சிறைக்கு அனுப்பினார்.

சரி, அப்படியென்றால் அங்கே எல்லாம் நேராகிவிட்டதா? இல்லை. பிரதமர் ஹார்டேயை விசாரிக்க, 1905 முதல் சட்டத்தில் இருந்தும் அதுவரை ஒருமுறைகூடக் கூடாத ஒரு தனி நீதிமன்றத்தைக் கூட்டினார்கள். 2012-இல் ஒரே ஒரு குற்றச்சாட்டில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. முக்கியமான விஷயங்களுக்கு அமைச்சரவையைக் கூட்டவில்லை என்பதுதான் அது. தண்டனை எதுவும் இல்லை. சில வருடம் கழித்து அவரே அமெரிக்காவுக்கான தூதராகப் போனார்.

இன்னொன்று. மக்களே சேர்ந்து புது அரசியல் சாசனம் எழுதுவது என்று இறங்கினார்கள். 25 சாதாரணக் குடிமக்கள் 2011-இல் எழுதினார்கள். எழுத எழுத இணையத்தில் போட்டு ஊரிடம் கருத்துக் கேட்டார்கள். 2012 அக்டோபர் வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் இதையே அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நாடாளுமன்றம் அதை நிறைவேற்றாமலே விட்டுவிட்டது. அடுத்த வருடத் தேர்தலில், நெருக்கடிக்கு முன்பு பல வருடம் ஆண்ட அதே கட்சிகள் திரும்ப வந்தன. 2016-இல் பனாமா ஆவணங்களில் அன்றைய பிரதமரின் குடும்பத்துக்கு வெளிநாட்டுக் கம்பெனி இருந்தது வெளியே வர, மறுபடி அதே திடல், மறுபடி கூட்டம், மறுபடி ராஜினாமா.

அந்த நாட்டு மக்களின் அலுப்பு எனக்கு நன்றாகப் புரிகிறது. ஏனென்றால் நமக்கும் பாலாறு இருக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவு நம் ஆற்றையும் கிணற்றையும் கெடுத்ததற்காக 1996-இல் உச்ச நீதிமன்றம் ஒரு பெரிய தீர்ப்பு கொடுத்தது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்பு. நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் அதைப் படிக்கிறார்கள், வழக்கின் பெயரிலேயே நம் வேலூர் இருக்கிறது. 2025 ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக, அதே கழிவுக்காக, இழப்பீடு கொடுங்கள், ஆற்றைச் சீர்செய்யுங்கள், குழு அமையுங்கள் என்று மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. நடுவில் 28 வருடம். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் அந்தத் தண்ணீர் இறங்கிய நிலத்தில் ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. எத்தனை ஆட்சி மாறியது என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

[திரையில்: உத்திரமேரூர் கோயில் சுவரில் கல்வெட்டு வரிகள்]

இப்போது நான் ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். ஐஸ்லாந்து நாடாளுமன்றத்தின் பெயர் அல்திங். அது தொடங்கியது கி.பி. 930-இல், திறந்தவெளியில், ஒரு பாறையடியில். அப்போது எழுதி வைத்த சட்டம் கிடையாது. சட்டம் சொல்வதற்கென்றே ஒருவர் இருப்பார். அவர் வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு சட்டத்தை மனப்பாடமாக, எல்லோரும் கேட்க, சத்தமாகச் சொல்ல வேண்டும். மூன்று வருடத்தில் முழுச் சட்டமும் ஜனங்கள் காதில் விழுந்திருக்கும். ஆயிரம் வருடம் கழித்து நடிகர்கள் மேடையேறி அறிக்கை வாசித்தது எங்கிருந்தோ வந்த யோசனை இல்லை.

அந்த அல்திங்குக்குச் சுமார் பத்து வருடம் முன்பு நம் பக்கத்தில் என்ன நடந்தது தெரியுமா? வேலூரில் பஸ் ஏறி, காஞ்சிபுரத்தில் மாறினால் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு. ஆண்டு 919, 921. குடவோலை முறையை எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஓலையில் பெயர், குடத்தில் ஓலை, சின்னப் பையன் எடுப்பான். அதோடு பாடம் முடிந்துவிடும். அதே கல்வெட்டில் யாரெல்லாம் நிற்கக் கூடாது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஏற்கெனவே வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் நிற்கக் கூடாது. அவன் மட்டுமா? அவனுடைய சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை மாமன் பிள்ளைகள், மாமனார், அக்கா தங்கையைக் கட்டியவன், மகளைக் கட்டிய மருமகன், அப்பன், மகன், ஒருவரும் கூடாது. ஒருவன் கணக்கை மறைத்தால் அவன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் பெயர் வரும் அத்தனை பேருக்கும் பதவி இல்லை!

இதை நான் மிகைப்படுத்தவில்லை, கல்லில் இருக்கிறது. அந்த ஊர்ச் சபை பிராமணர்களுக்கு மட்டுமானது. சொந்த நிலமும் வேதப் படிப்பும் இருந்தால்தான் இடம். பெண்களுக்கும் வயலில் உழைத்தவர்களுக்கும் அங்கே வாயே கிடையாது. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் கணக்குக் காட்டாதவனை எப்படித் தடுப்பது என்பதில் அவர்கள் யோசித்த அளவுக்கு இன்றைய தேர்தல் சட்டம் யோசிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். 2019-இல் நம் வேலூர் மக்களவைத் தேர்தலையே, பணம் பிடிபட்டதால், ஏப்ரலில் ரத்து செய்து ஆகஸ்டில் நடத்தினார்கள். அதற்குப் பிறகாவது நாம் இதைப் பேசியிருக்க வேண்டாமா?

[திரையில்: பள்ளிக்கூட வேப்பமரத்தடி, ஜமக்காளம், பிளாஸ்டிக் நாற்காலிகள்]

நமக்கு இன்று எல்லோரும் உட்காரக்கூடிய ஒரு சபை இருக்கிறது. கிராம சபை. தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வரவு செலவை அங்கே வைத்தாக வேண்டும்.

அணைக்கட்டு பக்கம் ஒரு ஊரில் அப்படி ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஊர் பெயர் வேண்டாம். ஊராட்சிச் செயலர் செலவுப் பட்டியலை மூச்சு விடாமல் வாசித்தார். தெருவிளக்கு, பிளீச்சிங் பவுடர், மோட்டார் ரிப்பேர், குழாய் ரிப்பேர், மறுபடி மோட்டார் ரிப்பேர். பாதிப் பேர் போனில் இருந்தார்கள். முன்வரிசையில் அறுபது தாண்டிய ஒரு அம்மா, மடியில் வெற்றிலைப் பை. "தம்பி, மோட்டாருன்னு ரெண்டு தபா சொன்னியே, அத திரும்பப் படிப்பா" என்றார். செயலர் படித்தார். "இன்னா தெரு மோட்டாரு?" அவர் ஃபைலைப் புரட்டினார். "கீழ்த்தெருதான் பெரியம்மா, ரெண்டும்." அந்த அம்மா விடவில்லை. "கீழ்த்தெருவுல மோட்டாரு எரிஞ்சு நாங்க டேங்கர்ல தண்ணி பிடிச்ச மாசத்துலயா ரிப்பேர் பண்ணீங்க?"

போனில் இருந்தவர்கள் எல்லோரும் தலை நிமிர்ந்தார்கள். பின்னாலிருந்து ஒரு பையன் தேதியைக் கேட்டான். இன்னொருவர் பில்லைக் கேட்டார். கடைசியில் தலைவர், அடுத்த கூட்டத்துக்கு இரண்டு பில்லையும் கொண்டுவருகிறோம் என்றார். அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதி முடிக்கும்வரை அந்த அம்மா எழுந்திருக்கவே இல்லை. அவருக்குப் படிக்கத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. வாசித்ததை அவர் கேட்டார், அவ்வளவுதான். ரெய்க்யாவிக் அரங்கில் நடந்ததும் இதேதான்.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த கிராம சபைக்குப் போங்கள். மாநகராட்சியில் இருப்பவர்கள் உங்கள் வார்டின் பகுதி சபைக்குப் போங்கள். சண்டை வேண்டாம், பேச்சும் தயார் செய்ய வேண்டாம். செலவுப் பட்டியலில் உங்கள் தெருவுக்குச் சம்பந்தப்பட்ட ஒரே ஒரு வரியைப் பிடித்து, 'இதைத் திரும்பப் படியுங்கள்' என்று சொல்லுங்கள். எந்தத் தெரு, எந்தத் தேதி, யாருக்குப் பணம் போனது என்று கேளுங்கள். பதில் வந்தால் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். வரவில்லை என்றால் பத்து ரூபாயில் தகவல் அறியும் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம்.

அந்த ஒரு வரியையும் கிடைத்த பதிலையும் வார்டு எண்ணோடு கீழே எழுதுங்கள். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டத்திலிருந்தும் வரட்டும். வந்த வரிகளை அடுத்த வீடியோவில் ஒன்று விடாமல் வாசிக்கிறேன், எவ்வளவு நீளமானாலும் சரி.