கோணல் கிண்ணங்களின் ஊர்

வணக்கம். திரையில் இருப்பதைக் கொஞ்ச நேரம் பாருங்கள். பளீரென்ற ரோஸ் நிறம், மேல்பூச்சு பாளம் பாளமாகப் பிளந்து ஓரங்களில் சுருண்டு நிற்கிறது, விளிம்பிலிருந்து தங்க நிறத்தில் கொழகொழவென்று வழிந்த ஏதோ ஒன்று பாதி வழியில் உறைந்து போயிருக்கிறது. பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. சிரிக்கலாம், தப்பில்லை. செய்தவர் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘தேநீர்க் கிண்ணம்’.

டகுரோ குவாட்டா. 1981இல் ஹிரோஷிமாவில் பிறந்தவர். கியோட்டோவில் செராமிக் படித்தார், அப்புறம் கிஃபு மாகாணத்தில் டஜிமி நகராட்சி நடத்தும் மட்பாண்டப் பயிற்சி மையத்தில் சேர்ந்து 2007இல் முடித்தார், பக்கத்து ஊரான டோக்கியிலேயே பட்டறை போட்டுவிட்டார். 2018இல் லோவே என்ற ஃபேஷன் நிறுவனத்தின் கைவினைப் பரிசுக்கான இறுதிச்சுற்றுக் கண்காட்சி லண்டன் டிசைன் மியூசியத்தில் நடந்தபோது, இவருடைய கிண்ணம் ஒன்றுக்குச் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. அதற்குப் பிறகு ஃபேஷன் உலகமும் பிடித்துக்கொண்டது. அதே லோவே 2020இல் இவருடைய பீங்கான் துண்டுகளை உடைகளில் வைத்து மேடையேற்றியது. அது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை, கடந்து போவோம்.

இவரைப் பற்றி எழுதுகிறவர்களில் பாதிப்பேர் ‘மரபை உடைத்த இளைஞர்’ என்று ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்தக் கிண்ணத்தில் உடைந்திருப்பது கிளேஸ், அதாவது சூளையில் உருகிக் கண்ணாடி மாதிரி படியும் மேல்பூச்சு, மட்டும்தான், மரபு அல்ல. எப்படி என்று சொல்கிறேன்.

அந்தப் பிளந்த பூச்சுக்குக் கைராகி என்று பெயர். கிளேஸைத் தடிமனாகப் பூசினால் காயும்போதே அது சுருங்கும், கோடையில் ஏரித் தரை வெடிக்கிற மாதிரி விரிசல் விடும். சூளைக்குள் உருகும்போது ஒவ்வொரு துண்டும் தன்னைத் தானே உள்ளிழுத்துக்கொண்டு திரளும், இடைவெளியில் அடிமண் தெரியும். தட்டு, கோப்பை செய்கிற எந்தத் தொழிற்சாலையிலும் இது கழிவில் போகிற சரக்கு. ஆனால் 16ஆம் நூற்றாண்டில் கொரியாவிலிருந்து வந்த இடோ கிண்ணங்களின் அடிப்பகுதியில் இப்படித் திரண்டிருந்த மணிகளை ஜப்பானியத் தேநீர்ப் பிரியர்கள் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்து ரசித்தார்கள். அடியில் ஒளிந்திருந்த அந்தச் சின்னக் குறையைத்தான் குவாட்டா எடுத்துப் பாத்திரம் முழுக்கப் பரப்பி, கூடவே நிறத்தையும் ஏற்றிவிட்டார்.

இன்னொன்று இஷிஹாசே. சுத்தம் செய்யாத மண்ணில் கிடக்கும் கல், சூளைச் சூட்டில் பாத்திரத்தின் உடம்பைப் பிளந்துகொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். அந்தக் காலத்தில் அதுவும் ரசனைக்குரியது, ஒன்றிரண்டு கற்கள் இருந்தால் போதும். இவர் வேண்டுமென்றே மண்ணில் கல்லைச் சேர்க்கிறார். கல் எவ்வளவு, மண் எவ்வளவு, சூடு எவ்வளவு என்பதில் கொஞ்சம் பிசகினாலும் பாத்திரமே இரண்டாகப் பிளந்துவிடும். தங்கமும் பிளாட்டினமும் கடைசியில்தான் வரும், பூசிக் குறைந்த சூட்டில் மறுபடி சுட வேண்டும். பார்க்க ஏதோ குழந்தை கை போன போக்கில் செய்தது போலத் தெரியும், ஆனால் ரசாயனம் தெரியாமல் இப்படி விளையாட முடியாது.

சரி, டோக்கிக்கு வருவோம். அந்த வட்டாரத்தின் பழைய பெயர் மினோ. ஜப்பானியர் சாப்பாட்டு மேசையில் இருக்கும் பீங்கான் பாத்திரங்களில் ஏறக்குறைய பாதி இன்றும் இங்கேதான் தயாராகிறது. மண் வியாபாரி, கிளேஸ் கலக்கிக் கொடுப்பவர், அச்சு செய்பவர் எல்லாரும் கூப்பிடு தூரத்தில். குவாட்டா மாதிரியான ஆளுக்கு வேறென்ன வேண்டும்?

அதைவிட முக்கியம், கோணல் கிண்ணம் இந்த ஊருக்குப் புதிதே அல்ல. ஜப்பானியத் தேநீர்ச் சடங்கின் பெரிய குருவான சென் நோ ரிக்யூவின் தேநீர் அறையில் அடக்கமான கறுப்புக் கிண்ணங்கள்தான் பெருமை. 1591இல் அப்போது நாட்டை ஆண்ட ஹிடெயோஷி உத்தரவிட, ரிக்யூ தன் வயிற்றைக் கிழித்துக்கொண்டு இறந்தார். அவருடைய சீடர்களில் ஒருவர் ஃபுருடா ஒரிபே என்ற சாமுராய். 1599இல் ஒரிபே வைத்த தேநீர் விருந்துக்குப் போன ஹகாட்டா வணிகர் காமியா சோட்டான், அங்கே பார்த்த கிண்ணம் கோணலாக, வேடிக்கையாக இருந்தது என்று நாட்குறிப்பில் எழுதி வைத்தார். ஒருவேளை அவரும் நம் பின்வரிசை மாதிரி சிரித்திருப்பார்! அந்த விருந்து நடந்தது இரண்டாம் மாதம் 28ஆம் தேதி, அதனால் டோக்கியில் இன்றும் பிப்ரவரி 28 ஒரிபே நாள்.

இந்த மாதிரிப் பாத்திரங்களுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது; கறுப்பு ஒரிபே கிண்ணம் ஒன்றை நேரில் பார்க்க வாய்த்தால் விட்டுவிடாதீர்கள். சக்கரத்தில் ஒழுங்காகச் சுற்றி எடுத்த வட்டத்தைப் பிறகு கையால் அமுக்கிக் கோணலாக்கியிருப்பார்கள். செக்கச் சிவந்து கொதிக்கும்போதே இரும்புக் கிடுக்கியால் சூளையிலிருந்து வெளியே இழுப்பார்கள், சட்டென்று ஆறுவதால்தான் அந்தக் கறுப்பு வரும். கிடுக்கி கடித்த தடம் சிலவற்றில் அப்படியே பதிந்திருக்கும், யாரும் அதைத் தேய்த்து மறைக்கவில்லை. பச்சை வகையில் ஒரு பக்கம் தாமிரப் பச்சையைக் கொட்டிவிட்டு மறுபக்கம் கோடும் கட்டமும் பூவும் கிறுக்கியிருப்பார்கள். இந்தப் பாத்திரங்கள் ஏராளமாக வெந்த மோட்டோயாஷிகி சூளையும் டோக்கியில்தான் இருக்கிறது. இவற்றில் ஒரிபேயின் நேரடிப் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களுக்குள் வழக்கு இன்னும் ஓயவில்லை, அது வேறு கதை. அவரும் 1615இல், ஆட்சியாளர்களின் எதிரிகளோடு சேர்ந்து சதி செய்தார் என்ற சந்தேகத்தில், குருவைப் போலவே வயிற்றைக் கிழித்துக்கொள்ள வேண்டி வந்தது.

இந்த மண்ணில் வேலை செய்கிற ஒருவர் அடக்கமான பழுப்புக் கிண்ணம் செய்திருந்தால்தான் எனக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். குவாட்டாவிடம் எனக்கு ஒரு குறை உண்டு, ஆளுயரத்துக்கு மேல் போகும் அவருடைய பெரிய வேலைகளில் அந்தக் குறும்பு கொஞ்சம் நீர்த்துப் போகிறது; ஒரு கைக்குள் அடங்கும்போதுதான் தங்கச் சொட்டு விரலில் இடிக்குமே, இதில் எப்படிக் குடிப்பது என்ற தவிப்பு வரும். அடுத்து, அளவில் சின்னதாக அவர் செய்த சிலவற்றைக் காட்டுகிறேன், விளக்கை அணைத்துவிடுங்கள்.